தண்ணீர் குடிக்கும் வீடு

மிலுதினின் வாழ்க்கையில் பெரிய முடிவுகள் எல்லாம் ஆகஸ்ட் மாதத்தில்தான் எடுக்கப்பட்டன. எடுத்தது அவரல்ல. மகன் நெபோய்ஷா வியன்னாவிலிருந்து லீவில் வருவான். வந்த மறுநாள் காலையில் காப்பிக் கோப்பையோடு முற்றத்தில் நின்று வீட்டை அண்ணாந்து பார்ப்பான். "அப்பா, இன்னொரு மாடி போட்டுடலாம்" என்பான். மாடி எழும்பும். இன்னொரு ஆகஸ்டில் வாசல் தூண்களுக்குச் சிமென்ட் சிங்கங்கள் வந்தன. வேறொரு ஆகஸ்டில் பால்கனிகளுக்கு எவர்சில்வர் கம்பிகள். இந்த ஆகஸ்டில் வந்தது பாய்லர்.

காருக்குப் பின்னால் கட்டிய டிரெய்லரில், பழைய கம்பளியில் சுற்றி, ஹங்கேரி வழியாக இழுத்துக்கொண்டு வந்திருந்தான். ஆள் மார்பளவு உயரம். சாம்பல் நிறம். வயிற்றில் கனமான இரும்புக் கதவு.

"என்னடா இது, பீரோவா?" என்றார் மிலுதின்.

"பாய்லர்ப்பா. விறகு, கரி எதைப் போட்டாலும் எரியும். எங்க வீட்டு ஓனர் கேஸுக்கு மாறிட்டாரு. தூக்கிப் போடறதா இருந்தாரு. நான் கேட்டதும் எடுத்துட்டுப் போன்னுட்டாரு."

"அப்ப பழசு."

"பழசுன்னா? ஆஸ்திரியாக்காரன் வச்சிருந்த பழசுப்பா. நம்ம ஊர்ல புதுசுன்னு விக்கறதைவிட இது புதுசு."

மிலுதினின் மனைவி தேசன்கா கம்பளியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். "அவனுக்கு வேண்டாததையெல்லாம் உன் தலையில கட்டறான். நல்ல மனுஷன்" என்றாள்.

நெபோய்ஷா சிரித்தான். பிறகு, சிரிப்பு மிச்சமிருக்கும்போதே, சொல்ல வேண்டியதைச் சொன்னான். "நிகோலா திருநாளுக்கு நாங்க வரணும்னா வீடு சூடா இருக்கணும்ப்பா. இவோனா கண்டிஷனா சொல்லிட்டா. இல்லேன்னா திரும்பவும் டவுன்ல ஹோட்டல்தான்."

இவோனா அவன் மனைவி. வியன்னாவிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் தப்பு ஒன்றுமில்லை என்று மிலுதினுக்கும் தெரியும். போன தடவை அவர்கள் டிசம்பரில் வந்தபோது இரண்டாம் மாடியில் கோட்டைப் போட்டுக்கொண்டு படுத்தார்கள். கரண்ட் ஹீட்டரை வைத்ததும் வீடு முழுக்க ஃபியூஸ் போயிற்று. பேத்தி தியோனா கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்து, தன் வாயிலிருந்து வரும் புகையைப் பார்த்துக்கொண்டே அழுதாள். காலையில் மூவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டவுன் ஹோட்டலுக்குப் போய்விட்டார்கள்.

அது வேறு நாளாக இருந்திருந்தால் பரவாயில்லை. அன்று ஸ்லாவா. குடும்பத்தைக் காக்கும் புனிதர் நிகோலாவுக்கு மெழுகுத்திரி ஏற்றும் நாள். அன்றைக்கு யாரையும் யாரும் அழைப்பதில்லை. வருகிறவர்கள் வருவார்கள், வீடு தயாராக இருக்க வேண்டும். வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "நெபோய்ஷா எங்கே?" "டவுன்வரைக்கும் போயிருக்கான்" என்று மிலுதின் சொன்னார். அவ்வளவு பெரிய வீட்டை வைத்துக்கொண்டு, ஸ்லாவா அன்று பெற்ற பிள்ளையை ஹோட்டலில் படுக்க வைத்தவன் என்ற பெயர் சாயங்காலத்துக்குள் தெருக்கோடிவரை போய்விட்டது.

வீட்டைப் பார்த்தால் நம்பமாட்டார்கள். மூன்று மாடி. அந்தத் தெரு முழுக்கவே அப்படித்தான், ஒன்றைவிட ஒன்று ஒரு மாடி உயரம், எல்லா ஜன்னல்களிலும் ஷட்டர் இறக்கி. மிலுதினும் தேசன்காவும் குடியிருந்தது முற்றத்து மூலையிலிருந்த பழைய சமையற்கட்டில். ஓர் இரும்பு அடுப்பு, ஒரு கட்டில், ஒரு மேஜை. அவர்கள் இருவருக்கும் அந்தச் சூடு போதும். பெரிய வீட்டுக்குள் தேசன்கா வாரம் ஒருமுறை துடைப்பத்தோடு போவாள். செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, அயலார் வீட்டுக்குள் நுழைகிறவள் போலப் போவாள்.

அதன் ஒவ்வோர் அறையிலும் ஜன்னலுக்கடியில் வெள்ளை ரேடியேட்டர் இருந்தது. வெந்நீர் ஓடினால் அறையைச் சூடாக்கும் இரும்புப் பட்டைகள். வெந்நீர் ஓடியதே இல்லை. பாதிக்கு மேல் கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. ரேடியேட்டர் மாட்டிய வருஷம் பாய்லருக்குக் கையில் மிச்சமில்லை. அடுத்த வருஷம் சிங்கங்கள் முந்திக்கொண்டன. மாட்டியிருக்கிறது என்பதே போதுமானதாக இருந்தது. வந்தவர்கள் பார்த்தார்கள், "எல்லா ரூம்லயும் போட்டிருக்கானே" என்றார்கள்.

மிலுதின் பால் பண்ணைக்கு வண்டி ஓட்டியவர். பண்ணை மூடும்வரை அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் விடியற்காலையில் போய்ப் பால் எடுத்து வந்தவர். எந்த வளைவில் எந்த வீட்டு நாய் குரைக்கும் என்று அவருக்குத் தெரியும். தன் வீட்டுத் தரைக்குள் குழாய் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று தெரியாது.

அது தெரியாது என்பதே இலையுதிர் காலத்தில்தான் அவருக்குத் தெரிந்தது. பாய்லரைப் பார்க்கக் குழாய் மேஸ்திரி திகோமிரைக் கூப்பிட்டிருந்தார். திகோமிர் கார் ஷெட்டில் மண்டியிட்டு, இரும்புக் கதவைத் திறந்து, டார்ச்சோடு தலையையும் உள்ளே நுழைத்தான். குரல் உள்ளிருந்து வந்தது.

"ஒரு இடத்துல வெல்டு வச்சிருக்காங்க முதலாளி. ஆனா அழகா வச்சிருக்காங்க. கதவைச் சுத்திப் புகை கசியாம அடைக்கிற கயிறு மாத்தணும். மத்தபடி என் ஆயுசுக்கும் ஓடும்."

"அப்ப மாட்டிடலாமா?"

திகோமிர் தலையை வெளியே எடுத்தான். மூக்கில் கரி. "பாய்லர் மேல எனக்குச் சந்தேகமே இல்ல. வீட்டு மேலதான் சந்தேகம்."

"வீட்டுக்கு என்னய்யா?"

"குழாயை யாரு பதிச்சது?"

"ஒருத்தன். இப்ப ஸ்லோவேனியாவுல இருக்கான்."

"தண்ணி நிரப்பிப் பார்த்தானா?"

மிலுதின் சிகரெட்டைத் தேடினார். "பதிச்ச மறுநாளே சிமென்ட் போட்டாச்சு. சிமென்ட் காஞ்சதும் டைல்ஸ். நெபோய்ஷாவுக்கு லீவு முடியற நேரம். டைல்ஸைப் பார்த்துட்டுத்தான் கிளம்புவேன்னு நின்னான்."

"நல்லது" என்றான் திகோமிர். "இந்தத் தெருவுல எல்லா வீட்லயும் இதே கதைதான். மூணாவது வீட்ல குழாயே கிடையாது. ரேடியேட்டரை ஆணி அடிச்சு மாட்டியிருக்காங்க."

காற்றடித்துச் சோதித்துப் பார்க்கலாம் என்றான். கம்ப்ரஸர் வண்டியிலேயே இருந்தது. அடித்த காற்று நின்றால் குழாய் நல்லபடியாக இருக்கிறது. நிற்காவிட்டால் எங்கேயோ ஓட்டை. எங்கே என்று கண்டுபிடிக்கத் தரையை உடைக்க வேண்டும்.

"எந்தத் தரையை?"

"அது தெரிஞ்சா நான் ஏன் உடைக்கறேன்?" திகோமிர் கையைத் துடைத்துக்கொண்டான். "அடிச்சுப் பார்த்துடவா?"

மிலுதின் வாசலுக்குள் எட்டிப் பார்த்தார். கூடத்து டைல்ஸ் பளபளவென்று கிடந்தன. அந்த ஆகஸ்டில் நெபோய்ஷா அவற்றின் மேல் முழங்காலிட்டு, இடுக்குகளில் வழிந்த சிமென்டைத் தன் பனியனால் துடைத்தது நினைவுக்கு வந்தது.

"இன்னொரு நாள் பார்க்கலாம் மேஸ்திரி" என்றார்.

திகோமிருக்குப் புரிந்தது. இந்தத் தெருவில் அவன் கம்ப்ரஸர் வண்டியைவிட்டு இறங்குவது குறைவு.

அன்று மத்தியானம் தேசன்கா மேஜையில் பீன்ஸ் உடைத்துக்கொண்டே சொன்னாள்: "தெரிஞ்சுக்கிட்டா அவன்கிட்ட சொல்லணும். அதுக்குத்தானே பயப்படறீங்க?"

"நீ சொல்லேன்."

"நான் ஏன் சொல்லணும்? நான் பெத்துக் குடுத்தேன். அதோட என் வேலை முடிஞ்சுது. வீடு கட்டினது நீங்க ரெண்டு பேரும்."

எதற்குப் பயப்படுகிறோம் என்று அவரே தன்னைக் கேட்டுக்கொண்டார். மகன் கோபிப்பான் என்றா? கோபித்தாலாவது தேவலை. நெபோய்ஷா சாரம் கட்டும் வேலைக்காரன். மழையிலும் காற்றிலும் அடுத்தவர் சுவர்களைச் சுற்றி இரும்பு மாட்டுவதும் அவிழ்ப்பதுமாக அவன் கழித்த வருஷங்கள்தான் இந்த வீடு. அதன் அடிவயிற்றிலேயே கோளாறு இருக்கலாம் என்று எந்த வாயால் சொல்வது? கோபிக்கமாட்டான். கொஞ்ச நேரம் பேசாமலிருப்பான். அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் மிலுதினால் தாங்க முடியாது. பாய்லர் வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. வேண்டாம் என்றால் நீங்கள் வரவேண்டாம் என்றுதான் அர்த்தம்.

அப்படியே நாள் போயிற்று. பக்கத்து வீட்டு ஸ்ரெதேன் வேலியோரம் வந்து நிற்பார். சின்ன வயதிலிருந்து கூட்டாளி. "டேய் மிலுதின், உன் பாய்லர் கார் ஷெட்ல சுகமா தூங்குதா? கம்பளியெல்லாம் போத்தி வச்சிருக்க. சளி கிளி பிடிச்சிடப் போகுது."

"நாள் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

"பாரு, பாரு. அதுக்குள்ள பனி விழுந்துடும், ஷெட்ல இருந்து அதைத் தள்ள பனிச்சறுக்கு வண்டி வேணும்."

நவம்பரில் நெபோய்ஷாவின் போன் வந்தது.

"மாட்டியாச்சாப்பா?"

"மாட்டிடலாம்."

"இவோனா ஹோட்டல் ரூம் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கா. இப்பவே எடுத்தாத்தான் கிடைக்குமாம். வேண்டாம்னு சொல்லிடவா?"

பின்னால் அவள் ஏதோ கேட்பது கேட்டது. தியோனா ஓடுவதும் கேட்டது. மிலுதின் சுவரைப் பார்த்தார். தேசன்காவைப் பார்த்தார். தேசன்கா அடுப்பைப் பார்த்தாள்.

"சொல்லிடு" என்றார்.

அவ்வளவுதான், முடிவாகிவிட்டது. தான் எடுத்ததுதானா என்று அவருக்கே தெரியவில்லை.

திகோமிர் வந்து, இன்னும் இரண்டு பேரை வைத்துப் பாய்லரை அடித்தள அறைக்கு இறக்கி, குழாய்களோடு சேர்த்தான். காற்றடித்துப் பார்க்கவா என்று இந்த முறை கேட்கவில்லை. தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். சுவர்களுக்குள்ளிருந்து சளசளவென்று சத்தம் எழுந்தது. மேலே ஒவ்வொரு ரேடியேட்டராகக் காற்றைத் துப்பி, பிறகு தண்ணீரைத் துப்பியது. தேசன்கா கீழிருந்து மேல்வரை பிளாஸ்டிக் உறைகளைக் கிழித்துக்கொண்டே போனாள். அளவு காட்டும் முள் ஏறி, நடுவில் வந்து நின்றது.

"நின்னுடுச்சு!" என்றார் மிலுதின்.

"காலையில பார்த்துட்டுச் சொல்லுங்க" என்றான் திகோமிர்.

காலையில் முள் கீழே கிடந்தது. மறுபடி நிரப்பினார்கள். மத்தியானத்துக்குள் மறுபடி விழுந்தது. மூவரும் அறை அறையாகத் தேடினார்கள். மிலுதின் சுவர்களைத் தடவினார். தேசன்கா காலுறையைக் கழற்றிவிட்டு, வெறும் பாதத்தால் ஒவ்வொரு டைலாக மிதித்து ஈரம் பார்த்தாள். கூரைகளில் கறை இல்லை. தரையில் ஒரு சொட்டு இல்லை. வீடு காய்ந்து, சுத்தமாக, அழகாக நின்றது.

"எங்கேய்யா போகுது?"

"அடித்தளம் இல்லாத பக்கம், கீழ்த்தரைக்கு அடியில எங்கேயோ. அடியில மணல்தானே, எவ்வளவு ஊத்தினாலும் குடிக்கும்" என்றான் திகோமிர். "வெளியே தெரிஞ்சாலாவது ஒட்டுப் போடலாம். இது தெரியாமக் குடிக்குது."

"இப்ப என்ன பண்றது?"

"டைல்ஸை உடைக்கணும்."

"திருநாள் வருதேய்யா."

"அப்ப உடைக்க வேணாம்."

"அப்புறம்?"

திகோமிர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். போகும்போது முள்ளின் அடியிலிருந்த சிவப்புக் கோட்டைக் காட்டி எச்சரித்தான். நெருப்பு எரியும்போது தண்ணீர் இதற்குக் கீழே போனால் பாய்லர் வெந்துபோகும். அதற்காகக் குளிர்ந்த நீரை ஒரேயடியாகவும் விடக்கூடாது, இரும்பு விரிசல் விட்டுவிடும். கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே. "நிக்க ஆள் இல்லேன்னா பத்தவே வைக்காதீங்க முதலாளி. நான் மாட்டினேன்னும் யார்கிட்டயும் சொல்லாதீங்க."

திருநாளுக்கு முந்தின நாள், மகன் ஹங்கேரி எல்லையைத் தாண்டிவிட்டதாகச் செய்தி வந்தபோது, மிலுதின் கையில் தீப்பெட்டியோடு பாய்லர் முன்னால் நின்றார். படியில் தேசன்கா நின்றாள்.

"பத்த வைக்கட்டுமா?"

"என்னைக் கேட்காதீங்க."

"வேற யாரைக் கேட்பேன்?"

அவள் மேலே போய் எல்லாக் கட்டில்களுக்கும் புதுப் போர்வை விரிக்க ஆரம்பித்தாள். மிலுதின் குச்சியைக் கிழித்தார்.

மூன்று மாடியும் முதன்முறையாகச் சூடாயிற்று. நெபோய்ஷா உள்ளே நுழைந்து, கோட்டைக் கழற்றாமலே நேராக ரேடியேட்டரிடம் போய்க் கையை வைத்தான். வைத்த கையை எடுக்கவில்லை. "இவோனா, இங்க வா. தொட்டுப் பாரு" என்றான். அவள் தொட்டுவிட்டு மாமனார் கன்னத்தில் முத்தமிட்டாள். மிலுதின் முள்ளைப் பார்க்கக் கீழே இறங்கினார்.

ஸ்லாவா அன்று கூட்டம் நிறைய வந்தது. பாய்லரைப் பார்க்கவே சிலர் வந்தார்கள். நோன்புக் காலம் என்பதால் இறைச்சி கிடையாது. பொரித்த கெண்டை மீன், அடுப்பில் வைத்த பீன்ஸ், நெத்திலி சாலட். மெழுகுத்திரி எரிந்தது. தியோனா கையில்லாத பனியனோடு மாடிக்கும் கூடத்துக்குமாக ஓடி, "புழுங்குது" என்று ஜன்னலைத் திறந்தாள். மேஜையில் இருந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். டிசம்பரில் மிலுதின் வீட்டில் புழுங்குகிறதாம்.

அன்று வீட்டுக்காரர் உட்காரக்கூடாது. விருந்தினர் மேஜையில் இருக்கும்வரை நின்றுகொண்டே பரிமாற வேண்டும். அந்த வழக்கம் மிலுதினைக் காப்பாற்றியது. யாருக்காவது ஒயின் ஊற்றுவார், ரொட்டித் தட்டை நகர்த்துவார், அப்படியே கதவு வழியாக நழுவி அடித்தளத்துக்கு இறங்குவார். முள்ளைப் பார்ப்பார். குழாயை ஒரு நூல் திறந்து, முள் ஏறும்வரை நின்று, மூடிவிட்டு மேலே ஓடி வருவார். ஒவ்வொரு தடவையும் முள் முந்தைய தடவையைவிடச் சீக்கிரமாக விழுவது போலிருந்தது.

"எங்கடா அடிக்கடி மறையற?" என்று ஸ்ரெதேன் மேஜையின் மறுகோடியிலிருந்து கத்தினார். "கீழே தனியா ஒரு நல்ல சாராயம் வச்சிருக்கான் போல. எங்களுக்கு மட்டும் இது."

"பாய்லருக்கு விறகு போடறேன்யா."

"ஒரு காட்டையே தின்னும் போலிருக்கே!"

எல்லோரும் சிரித்தார்கள். மிலுதினும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கீழே போனார்.

குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றபோது படியில் காலடி கேட்டது. நெபோய்ஷா. கையில் சாராயக் கிளாஸ், முகத்தில் இன்னும் மேஜையின் சிரிப்பு. "அப்பா, எல்லாரும் உங்களைத் தேடறாங்க. இங்க என்ன..." என்றவன் நிறுத்தினான். குழாயைப் பார்த்தான். முள்ளைப் பார்த்தான். அவன் இரும்போடு வேலை செய்கிறவன். விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எவ்வளவு குடிக்குது?"

"கொஞ்சம்தான். புதுசுதானே."

"அப்பா."

"நிறைய" என்றார் மிலுதின்.

"எங்க போகுது?"

"தெரியலடா. கீழே எங்கேயோ."

நெபோய்ஷா கிளாஸை விறகின் மேல் வைத்தான். தலைக்கு மேலே நாற்காலிகள் இழுபடும் சத்தம், தியோனா ஓடும் சத்தம். அவன் அண்ணாந்து பார்த்தான், முற்றத்தில் நின்று பார்ப்பது போலவே. மிலுதின் பயந்த அந்தக் கொஞ்ச நேரம் வந்தது. அது அவர் நினைத்ததைவிட நீளமாக இருந்தது.

"டைல்ஸ் நான்தானே அவசரப்படுத்தினேன்" என்றான் கடைசியில்.

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு?"

"இவோனாகிட்ட சொல்லாதீங்கப்பா. வீடு நல்லா இருக்குன்னு அவங்கம்மாவுக்கு இப்பத்தான் போன் பண்ணிச் சொன்னா."

"நான் ஏன் சொல்லப்போறேன்?"

மேலிருந்து தேசன்காவின் குரல் வந்தது: "எங்கே போய்ட்டீங்க? ஸ்ரெதேன் கிளம்பறார்!" விருந்தினரை வாசல்வரை வழியனுப்பாத வீட்டுக்காரர் உண்டா? மிலுதின் குழாயிலிருந்து கையை எடுக்கத் தயங்கினார். மகன் அவர் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தான். "நீங்க போங்க. நான் நிக்கறேன்."

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் மாறி மாறி நின்றார்கள், விருந்தினர் போனபிறகும், மறுநாள் கார் கிளம்பும்வரையும். அதைப் பற்றி வேறு எதுவும் பேசவில்லை. இவோனா காரில் ஏறும்போது, "இனிமே ஹோட்டல் பேச்சே கிடையாது மாமா" என்றாள். அவள் மனசாரச் சொன்னாள். அதனால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்பது கஷ்டமாக இருந்தது.

கார் வளைவில் மறைந்ததும் மிலுதின் நெருப்பை அணையவிட்டார். உறைபனியில் குழாய் வெடிக்காமலிருக்க மிச்சத் தண்ணீரை வடித்துவிட்டார். வடிக்க அதிகமாக ஒன்றுமில்லை. பெரிய வீட்டைப் பூட்டிவிட்டு முற்றத்தைத் தாண்டிச் சமையற்கட்டுக்கு வந்தார்கள்.

வாரக் கடைசியில் போன் வந்தது. நெபோய்ஷா வழக்கத்தைவிட உரக்கப் பேசினான், பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி.

"அப்பா, பாய்லர் எரியுதா?"

"எரியுதுப்பா."

"வீடு சூடா இருக்கா?"

மிலுதின் அடுப்புக்கு நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தார். தோளில் கோட்டு. "ரொம்ப. தாங்க முடியல" என்றார்.

"பார்த்தியா?" என்று அங்கே அவன் யாரிடமோ சொன்னான். பிறகு, கொஞ்சம் தணிந்த குரலில்: "ஈஸ்டருக்கு வரோம்ப்பா. இவோனாவோட அம்மாவும் வீட்டைப் பார்க்கணும்னு சொல்றாங்களாம். வரலாம்ல?"

அவன் எந்தப் பதிலுக்காகக் காத்திருக்கிறான் என்று மிலுதினுக்குப் புரியவில்லை. வேண்டாம் என்று சொல்லும்படி கேட்கிறானா, வாருங்கள் என்று சொல்லும்படி கேட்கிறானா?

"வாங்க" என்றார்.

போனை வைத்துவிட்டுத் தேசன்காவைப் பார்த்தார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அடுப்பில் இன்னொரு கட்டையைத் தள்ளினாள்.

"ஈஸ்டர் இந்தத் தடவை எப்ப வருது?" என்று கேட்டார். "மேல தள்ளிப் போச்சுன்னா வெயில் வந்துடும். பாய்லரே வேணாம்."

"சர்ச்சுல முன்னாடியே கேட்டேன்" என்றாள் தேசன்கா. "சீக்கிரமே வருதாம்."